பேர் அழிந்த பொட்டலம்

மேசைமேல் நான்கு பொட்டலங்கள்,
உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் வேர்த்துக்கொண்டு.
சிம்கோ. சென்டென்னியல். சிட்ரா.
நான்காவதில் பேனா மசி கரைந்து
பேர் போயிருந்தது.

கராஜ் கதவு பாதி திறந்திருக்கிறது.
யாக்கிமாவில் செப்டம்பர்,
ஊரே ஹாப்ஸ் உலர்த்தும் மாதம்.
தலையணை உறையில்கூட அந்த வாசம் என்கிறாள் மரிசெலா.
இருக்கலாம்.
போன வருஷத்துக்கு முந்தைய குளிரில் ஒரு காய்ச்சல் வந்து
மூக்கை வெறும் காற்றுக்குழாயாக்கிவிட்டுப் போனது.
உலர்களத்திலிருந்து என்னை எடைமேடைக்கு மாற்றினார்கள்.
தீய்கிறதா என்று முகரத் தெரியாதவனுக்கு
அனலருகே என்ன வேலை?

கசப்பு மட்டும் மிச்சம்.
நாக்கு அதை விட்டுக்கொடுக்கவில்லை.

"சொல்லு" என்றேன்.
பச்சைக் குருணை நாலைந்தை உள்ளங்கையில் போட்டு
நசுக்கி, சூடேறத் தேய்த்து,
முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

சிம்கோ:
"பைன் மரம். நிற்கிற மரமில்லை, அறுத்த அன்றைக்கு.
அடியில் கொஞ்சம் பூனை."
"பூனையா?"
"பூனை மூத்திரம். எழுதிக்கொள்."
எழுதிக்கொண்டேன்.

சென்டென்னியல்:
"எலுமிச்சைத் தோல். அப்புறம்
பூங்கொத்தோடு யாரோ மாடியேறிப் போன பின்
படிக்கட்டில் மிஞ்சுகிறதே, அது."

சிட்ராவுக்கு நேரம் எடுத்தாள்.
"மாம்பழம் என்பார்கள் எல்லோரும்.
எனக்கு இது பழச்சாறு ஊறிய பள்ளிக்கூடப் பை."

நான் கணக்குப் போட்டேன்:
ஒன்று பேச வேண்டும், ஒன்று ஆமாம் போட வேண்டும்,
ஒன்று வாசலில் நின்றால் போதும்.
மூன்றும் பேசினால் சந்தை.
பை பாதி, படிக்கட்டு கால், பூனை கால்.
முழுக்க அவள் வார்த்தைகளாலேயே ஒரு பீர்.

நான்காவதை இரண்டு முறை முகர்ந்து
தள்ளி வைத்தாள்.
"என்ன?"
"வெங்காயம். கொடியிலேயே அதிக நாள் நின்றது."
"கெட்டுவிட்டதா?"
"கெடவில்லை. வேண்டாம், அவ்வளவுதான்."
பிறகு, கையைப் பாவாடையில் துடைத்தபடி:
"உன் சட்டை இப்படித்தான் இருக்கும்,
உலர்களத்தில் இருந்தபோது."

அடுப்பில் மால்ட் கஷாயம் பொங்கித் தணிந்தது.
கசப்புக்கானது முதலிலேயே போயிற்று, ஒரு மணிநேரம் கொதிக்க.
மணத்துக்கானது அடுப்பணைத்து,
எண்பது டிகிரிக்கு இறங்கிய பின்.
குளிர்விக்கும் குழாயை எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன்.
திரும்பி வந்தபோது
கரண்டி சுழன்றுகொண்டிருந்தது,
நான்காவது பொட்டலம் வாய் திறந்து கிடந்தது.
நான் கேட்கவில்லை. அவளும் கரண்டியைத்தான் பார்த்தாள்.

ஐந்து வாரம்.
பக்கத்து வீட்டு லிண்ட்க்விஸ்ட் ஒரு மடக்கு குடித்து
"பூண்டு போட்டீர்களா?" என்றார்.
மரியாதைக்கு இன்னொரு மடக்கு.
குவளையைத் தோட்டக்கட்டையில் மறந்துவிட்டுப் போனார்.

நான் குடித்தேன். கசப்பு,
நீளமாக, கடைவாய் வரைக்கும்.
அதற்கு மேல் எனக்கு வழி இல்லை.

"கலவை கெட்டுப்போச்சு" என்றாள் மரிசெலா.
"அடுத்த தடவை மூன்றே போதும்."

சொல்லிவிட்டு,
லிண்ட்க்விஸ்ட் விட்டுப்போனதையும் எடுத்து
தன் குவளையில் ஊற்றிக்கொண்டாள்.