பதினொன்று புள்ளி நான்கு

உறையிலிருந்து எடுத்ததுமே
போல்ட்டைக் கழற்றித் தனியே கையில் கொடுத்தாள்
டார்லீன் ஹால்கெட்.
காலி என்பதை நான் பார்க்கவேண்டும்,
நான் பார்த்ததை அவள் பார்க்கவேண்டும்.
பிரின்ஸ் ஆல்பர்ட்டில் எங்கள் கடையில் அதுதான் வணக்கம்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே வந்த எஃகு வியர்த்தது.
துடைத்தேன்.
ரிசீவரின் வலது தோளில், வளையத்துக்குச் சற்றுக் கீழே,
தூங்கி எழுந்த கன்னத்தில் தலையணை மடிப்பு போல
ஒரு கோடு.

"கீறலா, விரிசலா?
அதை மட்டும் சொல்.
திங்கட்கிழமை மூஸ் வேட்டைக்குப் போகிறேன்."

ஏலத்தில் எடுத்ததாம்.
முன்னால் யார் வைத்திருந்தார், எதில் மோதினார்,
ஏலக்காரனுக்கும் தெரியாதாம்.

நகத்தை ஓட்டினேன்.
போகும்போது வழுக்கியது, வரும்போது இடறியது.
நகம் பொய் சொல்லாது என்பார்கள்;
உண்மையையும் பாதிதான் சொல்லும்.

பத்து மடங்கு லென்ஸில் கோடு வாய்க்காலானது.
இரு பக்கமும் மெல்லிய வரப்பு:
எதுவோ உரசி உலோகத்தை ஒதுக்கியிருக்கிறது.
விரிசல் வரப்புக் கட்டாது.
கட்டாது என்றுதான் நினைக்கிறேன்.

கோ கேஜ் வைத்தேன், போல்ட் மூடியது.
நோ-கோ வைத்தேன், பாதியில் நின்றது.
மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த பொருள்மேல்
எனக்கு எப்போதும் ஒரு மரியாதை.

எண்ணெய் போகக் கழுவிச் சிவப்புச் சாயம் அடித்தேன்.
பத்து நிமிடம் ஊறவேண்டும்.

பத்து நிமிடம் என்பது, கணபதியில்,
ஒரு பம்ப் உறையை நல்லதாக்கிவிடப் போதும்.
செய்திருக்கிறேன்.
வார்ப்பில் குமிழ் ஓட்டை. அதில் பட்டி.
உப்புத்தாளில் நாலு இழுப்பு, மேலே பச்சை பெயிண்ட்.
"கண்ணாடியாட்டம் இருக்குது" என்றார் மேஸ்திரி.
மூன்றாம் மாதம் டெம்போவில் ஏற்றி வந்த காட்டுக்காரர்
திட்டவில்லை, கத்தவில்லை.
ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார்.
விரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

இங்கே தலைகீழ்.
கறுப்புப் பூச்சில் மயிரிழை வெளுத்திருந்தால் போதும்,
அட்டைப்பெட்டியோடு திரும்பி வரும் புது ரைஃபிள்.
"சுடவா வாங்கினான், சுவரில் மாட்ட" என்று
காசை எண்ணித் திருப்பிக் கொடுப்பான் முதலாளி ஓரெஸ்ட்.

மணி அடித்தது. சாயத்தைத் துடைத்தேன்.
வெள்ளைப் பொடியைத் தூவலாக அடித்தேன்.
விரிசல் இருந்தால் குடித்ததைக் கக்கும்.

இருவரும் குனிந்தோம். அவள் மூச்சில் காபி.
வெள்ளை, வெள்ளையாகவே கிடந்தது.
பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு எழும்ப
நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது.
என் கட்டைவிரல் ரேகை.
துணி படாமல் விட்டிருக்கிறேன்.

"நல்லதா?"
"விரிசல் தெரியவில்லை."
"இல்லையா, தெரியவில்லையா?"

பதினாறு வருடமாக அளக்கும் வேலை.
இப்படிப் பிரித்து யாரும் கேட்டதில்லை.

"தெரியவில்லை."
"சரி. அப்படியே ரசீதில் எழுது."

தேய்த்துக் கறுப்பேற்றித் தரட்டுமா,
நாற்பது டாலர்தான்,
கோடு இருந்த இடமே தெரியாது என்றேன்.
சொன்ன வாயில் பச்சை பெயிண்ட் வாசம்.

"தெரியாமல் போனால்
அடுத்த வருஷம் நான் எதைப் பார்ப்பது?
அளந்து கொடு."

கேலிப்பரைத் திறந்தேன்.
ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை,
கையை மாற்றிப் பிடித்து இன்னொரு தடவை.
கீறல் என்றால் இதே அளவில் இருக்கும்.
இல்லையென்றால் நீளும்.

ரசீதின் பின்பக்கம் அவள் பேனாவால் எழுதினேன்:
நவம்பர் 23. 11.4 மி.மீ.
நான்கு ஒன்பது போலிருக்கிறது என்றாள்.
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.
தோட்டாப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.