எடைக்குப் பின்னால் ஓர் இடைவெளி

ராத்திரி இரண்டு மணி.
கடலூர் முதுநகர், ஐஸ் பேக்டரி மாடி.
எனக்கு ஒதுக்கிய அறையில் மின்விசிறி உண்டு;
அதன் காற்றிலும் கவிச்சி.

முதலில் ஒவ்வொரு செயலுக்கும்
ஏழு மாறிகளைக் கொடுத்து எழுதியிருந்தேன்:
படகு, மீன், எடை, விலை,
கமிஷன், ஐஸ், வண்டி நம்பர்.
ஏலம் கூவுகிற செயலுக்கு
ஐஸ் கணக்கு எதற்கு?
ஆனாலும் சுமந்தது,
யார் வீட்டுக்கோ போகும் பண்ருட்டிப் பலாவை
பஸ்ஸில் மடியில் வைத்து
முள் குத்தக் குத்த வருகிறவன் மாதிரி.

கலைத்துப் போட்டேன்.
இனி எல்லாருக்கும் ஒரே பை.
சூழல் என்று பெயர் வைத்தேன்
(அவசரத்தில் சுழல் என்றே விழுகிறது,
இந்த ஊரில் அதுவும் பொருந்தும்).
இடு. எடு.
ஓர் எழுத்துதான் வித்தியாசம்,
ஜாவா மொத்தமும் அதில் அடங்கிவிட்டதாக
அன்று ஒரு டீ கூடக் குடித்தேன்.

கீழே தேசப்பன்
இதை எப்போதோ செய்துவிட்டான்.
மஞ்சள் கூடை, அதில் ஒரு துண்டுச் சீட்டு.
தராசுக்காரர் கிறுக்குவார்,
ஏலக்காரர் கிறுக்குவார்,
வேன் டிரைவர் கடைசி வரியை மட்டும் பார்ப்பார்.
ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.
ஐஸ் போடுகிறவருக்கு எழுத்தே தெரியாது;
கூடை கனத்தால் இரண்டு மண்வெட்டி.

மூன்றரைக்கு முதல் படகு.
திரையில் நல் என்று வந்தது.
தமிழாகப் படித்தால் நல்ல சேதிதான்.
அமலோற்பவத்தின் சங்கரா
எடையே இல்லாமல் நின்றது.

"கண்ணெதிர தராசுல வெச்சேன்யா.
முப்பத்தெட்டு. எங்க போச்சு?"

எங்கும் போகவில்லை.
இட்டபோது எடைக்குப் பின்னால்
ஓர் இடைவெளி தட்டியிருக்கிறேன்.
எடுத்தபோது தட்டவில்லை.
அந்த ஏழு மாறிகள் இருந்திருந்தால்
கம்பைலர் அப்போதே கத்தியிருக்கும்.
பைக்குள் கை விடும்போது
அது வேறு பக்கம் பார்க்கிறது;
பை கேட்டால், என்ன இருந்தாலும் பொருள்தானே என்கிறது.

அழித்தேன். ஒரே ஒரு விசை.

அதற்குள் ஏலக்காரர்
கூடையைக் காலால் நகர்த்தி
கண்ணளவில் நாற்பது என்று கூவி
நாற்பதுக்கே தள்ளிவிட்டார்.
வாங்கிய வேன்
உப்பனாற்றுப் பாலம் தாண்டியிருக்கும்.

கடலில் இல்லாத இரண்டு கிலோ.
எந்தப் பெயரில் இடுவது அதை?

அமலோற்பவம் மாடியை அண்ணாந்து பார்த்தாள்.
நான் திரையைப் பார்த்தேன்.