சாவி

இரவு உணவு முடிந்து ஒரு மணி நேரம்
குளியலறைச் சாவி என் சட்டைப் பையில்.
தார்த்துவில் வெளியே பனி.
உள்ளே நானும் த்ரீனும்
பாதி கோத்த புதிர்ப்படமும்.
மீதி முழுக்க வானம்; எல்லாத் துண்டும் ஒரே நீலம்.

அவள் விரல்முட்டியில் காய்ப்பு.
பார்த்தேன்,
பார்த்தது அவளுக்குத் தெரியாதபடி.

பொட்டாசியம் மூன்று புள்ளி ஒன்று
என்று காலையில் எழுதினேன்.
வெட்கத்துக்கு அந்தத் தாளில் கட்டமில்லை.

நாற்பதாவது நிமிடம்
"கதவைத் திற, ஹெல்வே."
கெஞ்சினாள். பிறகு வைதாள்,
என் அம்மாவையும் சேர்த்து.
ஒரு நீலத் துண்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அந்த நேரம் பார்த்து
என் வயிறு உறுமியது.

வசவு நின்றது.
"நீ சாப்பிடலையா?"
"காலையிலிருந்து இல்லை."

சிரித்தாளா அழுதாளா, சொல்லத் தெரியவில்லை.
இன்னும் பதினெட்டு நிமிடம்.