பதினேழாம் பட்டி

காலை ஐந்தேகாலுக்கு
லெத்பிரிட்ஜின் வடக்கே விடியல் என்று எதுவும் இல்லை.
டிரக்கின் முகப்பு விளக்குதான் வெளிச்சம்.
பட்டிக்கு இருபது நொடி. ஐம்பத்தெட்டுப் பட்டி.
கண்ணாடியை இறக்கி
கான்கிரீட் தொட்டிகளைப் படித்துக்கொண்டே போவேன்.

நாவால் வழித்துப் பளபளத்தால் பூச்சியம்.
அடியில் பொடி தூவினாற்போல் கிடந்தால் அரை.
விரற்கடை கனத்தால் ஒன்று.
மூன்று என்று ஒரேயொரு முறை எழுதியிருக்கிறேன்;
அன்று தண்ணீர்க் குழாய் உறைந்து போயிருந்தது.

பதினேழில் இருப்பவை சஸ்காச்சுவனிலிருந்து வந்த
இருநூற்றுப் பன்னிரண்டு எருதுகள்.
வந்த புதிதில் உலர்புல்லைத் தவிர எதையும் நம்பாதவை.
இருபத்து நான்கு நாளில் மூன்றாம் படிக்கு ஏற்றியிருந்தோம்,
புல்லைக் கொஞ்சம் குறைத்து
பார்லியைக் கொஞ்சம் கூட்டி
முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடானு கோடி
கண்ணுக்குத் தெரியாதவற்றிடம்
தவணை முறையில் அனுமதி வாங்கி.

அன்றிரவு சினூக் அடித்தது.
மலைக்கு அந்தப் பக்கமிருந்து இறங்கும் வெப்பக் காற்று.
மைனஸ் பதினெட்டு, விடிவதற்குள் பிளஸ் ஏழு.
பட்டியெல்லாம் சேறு. தொட்டி பூச்சியம்.
கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி
எல்லா முகங்களும் என்னையே பார்த்தன.

இரண்டு விடியல் தொடர்ந்து வெறுமையாய் இருந்தால்தான் கூட்டலாம்,
அதுவும் தலைக்குக் கால் கிலோ.
நானே எழுதி, தீவன ஆலைச் சுவரில் நானே ஒட்டிய விதி.
அன்று முக்கால் என்று அழுத்தினேன்.
முதலாளி பெட்டிங்கர் முந்தின நாள் எடைக்கணக்கை நீட்டி
ஒன்றும் சொல்லாமல் போயிருந்தார்.
பசித்த முகம் பொய் சொல்லாது என்றும் நினைத்தேன்.
சொல்லும்.

கலவை வண்டியிலிருந்து ரோடெல் மக்சீனோ
வயர்லெஸ்ஸில் கேட்டான்: "பதினேழு, சரியா?"
"சரி."
இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் என்று
இன்றுவரை அவன்தான் வருந்துகிறான்.

மறுநாள் மாலை காற்று திரும்பியது, அழுத்தமானி சரிந்தது.
புயல் வருமுன் மாடுகள்
நாளை என்பது இல்லாததுபோல் தின்னும்.

அசை என்பது எங்களிடம் எண்ணிக்கை.
வாய்க்கு ஐம்பது, அறுபது.
புல் இருந்தால் அசை வரும், அசை வந்தால் எச்சில் ஊறும்,
எச்சில் போய்த்தான் உள்ளே புளிப்பை அடக்கும்.
அசை கெட்டால் சீர் கெடும்.
மூன்றாம் நாள்
பதினேழில் ஒரு தாடையும் அசையவில்லை.
தொட்டியில் விரற்கடை மிச்சம்.
சாணம் சாம்பல் நிறம், நுரை,
அதில் அரைபடாத பார்லி மணிகள் விழித்துக்கொண்டு.

கொர்னீலியஸ் ஃப்ரீசன் குதிரையிலிருந்து இறங்கி
இடப்பக்கம் முரசாய் உப்பிய ஒன்றைத் தடுப்பில் மடக்கினார்.
குழாய் தொண்டைக்குள் இறங்கியதும்
பொங்கி வழிந்த மாவின் புளித்த நெடி.
அது பிழைத்தது.
காதில் நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று அணிந்தது
பிழைக்கவில்லை.
ஃப்ரீசன் அதன் முகத்தைத் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்,
ஈயே இல்லாத குளிரில்.

ஆலோசகர் இங்கா ஹால்வர்சன்
என் வரைகோட்டைப் பார்த்தார். ரம்பப் பல்.
"எவ்வளவு போட்டாய் என்பதைவிட
நேற்றைப்போல் இன்று போட்டாயா என்று பார்."
குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.
இரண்டாம் படிக்கு இறக்கினோம். நீளமாய் நறுக்கிய புல்.

ஆகஸ்டில் இவை அறுநூற்று நாற்பது கிலோவில் லாரி ஏறும்.
எங்கே என்று எனக்குத் தெரியும்.
அதுவரை வயிறு நோகாமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம்.
இது என்ன கருணை என்று
என் மகளின் தோழி ஒருத்தி கேட்டாள்.
சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உப்பை நகர்த்தினேன்.

நான்காம் இரவு பதினேழின் எதிரே
எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
வெகுநேரம் காற்று மட்டும்.
பிறகு இருட்டில் எங்கோ
ஈரமாக ஒரு தாடை.
எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்தொன்றில் விழுங்கிவிட்டது.

காலையில் அரை என்று குறித்தேன்.
கூட்டவில்லை.