ஒற்றைப் பேணி

நள்ளிரவோடு சலுகை முடிகிறதாம்.
திரையின் மூலையில் ஒரு மணிக்கூடு
பின்பக்கமாய் ஓடிக்கொண்டிருக்கிறது:
இரண்டு மணி பதினொரு நிமிடம்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து பவுண்,
எவ்வளவும் குடிக்கலாம்.
ஏழு நாள், இரண்டு ஆள்.
அறுநூற்று முப்பது.
ஒரே அறையில் படுக்கிறவர்களில்
ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டுமாம்.
தாலி கட்டின அன்றுகூட
இப்படியொரு நிபந்தனையை ஐயர் சொல்லவில்லை.

"நான் ஏன் வாங்கோணும்?"
குளிர்ச் சட்டைகளைப் பெட்டிக்குள் அமுக்கியபடி
கேட்கிறாள் சுகிர்தமலர்.
"நான் குடிக்கிற பிளேன் ரீக்குச்
சுடுதண்ணி சும்மாதானே."
சும்மாதான். முழுவதும் வாசித்துவிட்டேன்.
சுடுதண்ணீர் சும்மா, காலையில் ஜூஸ் சும்மா.
பேர்கனில் இறங்கிக் கரையில் சுற்றுகிற நாளுக்கும்
நாற்பத்தைந்து.

மட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து
அதன் பின்னால் கணக்குப் போடுகிறேன்.
கடையை விற்று எட்டு மாதம்;
மட்டையில் எழுதும் பழக்கத்தை
யாரும் விலைக்குக் கேட்கவில்லை.
பியர் ஒன்று ஆறரை.
ஏழு குடித்தால் நாற்பத்தைந்தரை,
அரைப் பவுண் லாபம்.
ஏழாவது முடிகிற நேரம்
அந்த அரைப் பவுணை எண்ண
நான் நிற்பேனா, படுப்பேனா தெரியாது.
அவளுடைய ஏழு வேறு இருக்கிறது.
பங்கிட்டுக் குடிப்பது குற்றம் என்கிறது பதினேழாம் விதி.

அந்தப் போத்தல் எனக்குத் தெரியாததா?
மொத்தக் கடையில் இருபத்துநாலு
இருபத்தொரு பவுண்.
ஒன்று தொண்ணூறு பென்ஸ்கூட வராது.

இருபத்திரண்டு வருடம் சவுதாம்ப்டனில்,
நோர்தாம் வீதி முடக்கில்,
தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து விற்றவன்.
பின்னேரம் நாலரைக்குக் கப்பல் ஊதும்.
அலமாரியில் போத்தல்கள்
தோளோடு தோள் முட்டிக் கிணுகிணுக்கும்.
நிமிராமல் மிச்சக் காசு எண்ணுவேன்.
யாருடைய கப்பலோ.

அந்த நேரம்தான் கிளைவ் வருவான்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன்.
ஒரு பேணி பியர். ஒன்றே ஒன்று.
நாலு சேர்த்துக் கட்டினதை எடுத்தால்
பேணிக்கு நாற்பது பென்ஸ் குறைவு என்று
எத்தனை தரம் சொன்னேன்.
மஞ்சள் அட்டையில் கொட்டை எழுத்தில்
'இந்தக் கிழமை மட்டும்' என்று எழுதி
அவன் கண்ணுக்கு நேரே ஒட்டினேன்.
சில்லறையைத் தட்டில் வைத்து
"நாலு எடுத்தால் நாலு குடிப்பேன்" என்பான்,
வெளியில் மழை என்பதுபோல.

கணக்குத் தெரியாத மனுசன் என்று
வீட்டுக்கு வந்து சிரித்திருக்கிறேன்.
நாளுக்கு நாற்பது பென்ஸ்,
வருடத்துக்கு நூற்று நாற்பத்தாறு பவுண்
எனக்குக் கூடத் தந்துவிட்டு
எதை வாங்கிக்கொண்டு போனான் என்று
நான் பார்க்கவில்லை.
கடைசி நாள் எல்லாம் பாதி விலை.
சனம் கூடைகூடையாய் அள்ளியது.
அவன் அன்றைக்கும் ஒன்றுதான்.
கண்ணாடி இடுக்கால் கை நீட்டினான்,
கை கொடுத்தேன்.

"தேயிலைப் பை இருபத்தஞ்சு வைச்சிருக்கிறன்"
என்கிறாள் இவள்.
நாளுக்கு மூன்று, ஏழு நாள், இருபத்தொன்று.
மிச்சம் நாலு?
"ஆரும் கேட்டால்" என்று பெட்டியை இழுத்துப் பூட்டுகிறாள்.

பன்னிரண்டு.
மணிக்கூடு சைபரில் ஒரு கணம் நிற்கிறது.
நானும் மூச்சை விடாமல் நிற்கிறேன்.
பிறகு திரை ஒருதரம் வெளிறி,
புது எழுத்து வருகிறது:
சலுகை இன்னும் இருபத்துநாலு மணிநேரம்
நீடிக்கப்பட்டுள்ளது.

சிரித்த சத்தத்தில் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.
அந்த மஞ்சள் அட்டையை நான்
பதினாறு வருடம் கழற்றவேயில்லை.