நானூறு கிலோ ஊதா

சீட்டு எழுதியது நான்தான்.
ஷேடு நம்பர் மேல் டீ சிந்தியிருந்தது.
போனில் மாகாளியண்ணன் கேட்டார்,
"என்ன கலருங்க?"
ஊதா என்றேன். வைத்துவிட்டேன்.

மறுநாள் மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறையில்
நானூறு கிலோ பனியன் துணி
சொட்டச் சொட்ட வெளியே வந்தது
நல்ல வெயில்நாள் வானமாக.

நான் கேட்டது கத்தரிப்பூ.

"இதானுங் ஊதா" என்கிறார்.
அவருக்கு ஊதா
இன்லேண்டு லெட்டர், ரேஷன் மண்ணெண்ணெய்.
எனக்கு
நாவப்பழம் தின்ற நாக்கு.
"பொறந்ததுல இருந்து இதைத்தான் சொல்றமுங்க,
யாரை வேணாக் கேளுங்."

கேட்டோம்.
மிஷின்காரர் அவர் கட்சி.
பாய்லர்காரர் என் கட்சி.
வாட்ச்மேன் கைநரம்பை உற்றுப் பார்த்துவிட்டு,
"எனக்குக் கண் ஆபரேசனுங்க" என்று நழுவினார்.
முதலாளிக்கு ஒரே சந்தேகம்:
யார் சம்பளத்தில் பிடிப்பது.

ஈரத்துணி தள்ளிக்கொண்டு வந்த ராம்லகன்
வண்டியை நிறுத்தினார்.
"ஊதா? எங்க ஊர்லயும் ஊதா."
எது என்று கேட்டதற்கு
துணியையும் தொடவில்லை, என் அட்டையையும் தொடவில்லை.
பல்லடம் பக்கம் கையைக் காட்டினார்.
மழை இருட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அகராதி புரட்டினேன்.
உருதுவில் இருந்து வந்த சொல்லாம்.
அகில்கட்டைக்கு அங்கே ஊத் என்று பேர்,
ஊதா அதன் நிறம் என்று ஒரு பேச்சு.
இதுநாள்வரை
ஊதுகிற ஊதுபத்தி என்று நினைத்திருந்தேன்,
அதுவும் அந்தக் கட்டைதானாம்.
ஆக
வெள்ளிக்கிழமைதோறும் பாய்லர் பிள்ளையாருக்கு முன்னால்
நூலாக ஏறுகிறதே,
அதன் நிறத்தை
நாங்கள் யாருமே சொல்லவில்லை.

எந்த வாயில் ஏறி வந்ததோ,
எந்தச் சந்தையில் நீலத்துக்குப் போனதோ.
நொய்யல் பாலத்தடியில் ஒருகாலம்
எல்லா ஊதாவும் ஓடின,
யாரும் பேர் கேட்கவில்லை.

"செவப்பு கொஞ்சம் விட்டா
உங்குளுதுக்கு வந்துருமுங்க"
என்றார் மாகாளியண்ணன், முகம் பார்க்காமல்.
வந்துவிட்டது.
அவருடையதன் மேல் என்னுடையது,
ஆறு மணிநேரம், அறுபது டிகிரி.
பெட்டியில் வேறு ஏதோ பேர் ஒட்டிக் கப்பலுக்குப் போயிற்று.

ஒரு துண்டு மட்டும்
மேல்சாயம் சரியாக ஏறாமல் ஒதுங்கிவிட்டது.
ராம்லகன் அதைத் தலையில் கட்டியிருக்கிறார்.
என்ன கலர் என்று
நான் கேட்கவில்லை.