நாலாவது சில்லு

கல்யாண ஓட்டம் கேட்டு வந்தவர்கள்
காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள்.
மாப்பிள்ளையின் தமக்கை குனிந்து
"இந்தச் சில்லுக்கு மட்டும் கப் இல்லையே" என்றாள்.
கறுத்த இரும்பு ரிங்கும் நாலு நட்டும்
உள்பாவாடை தெரிந்த மாதிரி.
"வியாழனுக்குள் போட்டுவிடுவேன்" என்றேன்.
முற்பணம் ஐயாயிரம்.

அது கழன்று போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
ஒட்டுசுட்டானில் ஒரு கிளினிக்காரியை இறக்கிவிட்டு
மாங்குளத்துக்குத் திரும்பும் வழியில்
போன மாரி தோண்டிய குழியில் முன்சில்லு விழ,
என்னை முந்திக்கொண்டு ஓடியது.
உண்மையாகவே முந்திக்கொண்டு.
தார் ரோட்டின் நடுவே ஒரு வெள்ளித் தட்டு நிமிர்ந்து,
லீசிங் கட்டி முடியாத காரைவிட்டுத்
தன்பாட்டில் போகிற துணிச்சலோடு.
பிறகு இடப்பக்கம் சாய்ந்து
பாலைமரங்களுக்குள் இறங்கிப் படுத்தது.

ஓரங்கட்டி இறங்கினேன்.
பதினைந்து அடிதான் இருக்கும்.
ஈச்சம்பற்றைக்குப் பக்கத்தில் விளிம்பு மினுங்கியது.
மண்டையோட்டுப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்
எத்தனையோ வருசம்.
துப்புரவாக்கியாயிற்று என்று
கடிதமும் கொடுத்தார்களாம்.
பலகை நின்ற குழியில் புல் முளைத்திருந்தது.
என் கால் அந்தக் குழிவரைக்கும் வந்தது,
அதற்கு மேல் வரவில்லை.
நான் பயப்படவில்லை.
காலுக்குத்தான் கடிதம் வாசிக்கத் தெரியாது.
தடி ஒன்று முறித்து நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை.
முல்லைத்தீவு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

புதன்கிழமை மரியநாயகத்தின் ரயர்க்கடை.
அவர் சாப்பிடப் போயிருந்தார், றொசாந்தன் நின்றான்.
மீசை இன்னும் முடிவெடுக்காத வயது.
கூரைவளையில் கம்பி கோர்த்துத் தொங்கின
ஊரில் கழன்ற கப்புகள் எல்லாம்,
காற்றுக்கு ஒன்றையொன்று இடித்தபடி.
"வாகன் ஆர், பதினாலு இஞ்சி" என்றேன்.
கொக்கத்தடியால் ஒன்றை இறக்கினான்.
திருப்பினேன்.
உள்ளே ஒரு கிளிப் முறிந்து
அந்த இடத்தில் மஞ்சள் கேபிள் டை.
தைப்பொங்கலுக்கு முதல்நாள் நானே கட்டியது.

"இதை எங்கை எடுத்தனி?"
"ஒட்டுசுட்டான் ரோட்டிலை அக்கா, காட்டுக்கை கிடந்தது."
"காட்டுக்கையோ?"
"ஓம், பாலைப்பழம் பிடுங்கப் போனனாங்கள்.
ஆயிரத்தைஞ்நூறு. உங்களுக்கெண்டால் ஆயிரத்திருநூறு."

என்ரை சாமானை எனக்கே விக்கிறியோ என்று
வாயைத் திறந்தேன்.
கண் அவன் காலில் போய் நின்றது.
குதி தேய்ந்த பாட்டாச் செருப்பு,
பெருவிரல் நகத்தில் கறுப்பாக ஏதோ, கிறீசாக இருக்கும்.
ஆயிரத்தைஞ்நூறையும் எண்ணிக் கொடுத்தேன்.
மிச்சம் வேண்டாம் என்றபோது
என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"நானே போடுறன்."
முதலில் மற்ற மூன்றையும் கழற்றினேன், கழுவ.
தட்டை ஸ்குரூட்ரைவரின் நுனிக்கு ஒரு சீலைத்துண்டு.
ஒரே இடத்தில் நெம்பினால் வெடித்துவிடும்.
இங்கே கொஞ்சம், நேர் எதிரே கொஞ்சம்,
பிள்ளையிடம் கத்தரிக்கோலை வாங்குகிற மாதிரி.
ஒன்றுக்குள் செம்மண், ஒன்றுக்குள் குளவிக்கூடு,
மூன்றாவதற்குள் எப்படிப் போனதோ ஒரு சோடாமூடி.

காற்றடிக்கிற வால்வும் கப்பிலுள்ள வெட்டும்
நேருக்கு நேர் வரவேண்டும்.
சுத்தியல் கூடாது. உள்ளங்கைதான்.
டக். டக்.
வெயிலில் இளகிய பிளாஸ்ரிக் சொன்னபடி கேட்டது.
நாலாவது சில்லில் மட்டும்
அந்த மஞ்சள் கட்டுப் பக்கம் ஏற மறுத்தது.
கை சிவக்கச் சிவக்க அடித்தேன்.

றொசாந்தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே வந்து
செருப்புக் காலால் மெல்ல ஒரு உதை விட்டான்.
ஏறிவிட்டது.
"இனிக் கழராது அக்கா."

கேபிள் டை இன்னும் ரெண்டு வாங்கிக்கொண்டேன்.